பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

போன மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கு டீச்சர் முன்னால் நீண்ட வரிசை. அறிவியல் டீச்சர் முன்னால் அதைவிட நீளம். அறையின் கோடியில், கழுத்தில் விசில் தொங்க, பிளாஸ்டிக் நாற்காலியில் பி.டி. மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தனை நேரத்தில் அவரைத் தேடிப் போனவர் ஒரே ஒரு அப்பா. அவரும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் போனார்.

கடைசியில் பெற்றோர் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஓர் அம்மா எழுந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு எதற்கு வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், ஒன்றைக் கணக்குக்குக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்குமே என்றார். ஒரே கைத்தட்டல். அடுத்த வாரமே அந்த பீரியட் போய்விட்டது. குடிதண்ணீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டும் அசையாத பள்ளி, இதற்கு மட்டும் ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கைத்தட்டிய அம்மாக்களே, அப்பாக்களே, உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள்தான். பொதுத்தேர்வு பயம் என்னவென்று எனக்கும் தெரியும். அந்தப் பயத்தில் நாம் எதையெல்லாம் பிள்ளையிடமிருந்து பிடுங்குகிறோம் என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். காலையில் வாசலில் ஏறி பள்ளி வாசலில் இறங்க வேன். பள்ளியில் எட்டு பீரியடும் பெஞ்ச். நாலரைக்கு டியூஷன், அங்கேயும் பாயில் உட்கார்ந்துதான். வீட்டுக்கு வந்தால் ஹோம்வொர்க், சாப்பாடு, செல்போன், படுக்கை. வேனுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள பத்தடியைத் தவிர அந்த உடம்பு எங்கே நகர்ந்தது?

"சுகரும் ஹார்ட்டும் நாற்பது வயசுக்கு மேல வர்றது. பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்ன வந்துடப் போவுது?" இதுதானே உங்கள் பதில்? மாரடைப்பு பதினாலில் பொதுவாக வராது என்பது சரி. ஆனால் நாற்பதில் வருவதற்கான வேலை எப்போது தொடங்குகிறது தெரியுமா? கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து 1953ல் வெளியிட்டார்கள். சராசரி வயது 22. எல்லோரும் ராணுவத்தில் தேறிய இளைஞர்கள். அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் ஏதோ ஓர் அளவுக்குப் படிவு தெரிந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவின் பொகலூசா என்ற சிற்றூரில் பல பத்தாண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ரத்தக் குழாயில் கொழுப்புக் கீற்றுகள் விழுவது பள்ளிக்கூட வயசிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று அதிலும் தெரிந்தது. நாற்பதில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து "திடீர்னு வந்துடுச்சு" என்கிறோமே, அந்தத் திடீருக்குப் பின்னால் இருபத்தைந்து வருஷ உழைப்பு இருக்கிறது.

அதே 1953ல் லண்டனிலிருந்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முன்னோடி அதுதான். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்துத் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார். மாடிப் பேருந்து, ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை. இரண்டு பேருக்கும் ஒரே நிறுவனம், ஒரே புகை, ஒரே பேருந்து. ஆனால் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. வந்தவர்களிலும் சட்டென்று செத்துப்போனவர்கள் குறைவு. "ஓட்டுநர் வேலைக்குச் சேரும்போதே குண்டாகச் சேர்ந்திருப்பார்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மாரிஸ் அவர்களுடைய யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பளவையும் வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் பேன்ட் பெரிசாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியோ நடுத்தரமோ தொந்தியோ, அந்தந்த உடல்வாகுக்குள்ளேயே ஒப்பிட்டாலும் படி ஏறியவர்தான் தப்பித்தார். சென்னை மாநகரப் பேருந்தில் சீட்டை விட்டு எழாமல் காசைக் கை மாற்றி அனுப்பச் சொல்லும் நம்மூர் நடத்துநரைப் பார்த்திருந்தால் மாரிஸ் என்ன எழுதியிருப்பாரோ! அவர் 99 வயது வரை இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரைக்கு வருவோம். நம் வீடுகளில் சர்க்கரை நோய் என்றால் உடனே கணையம், இன்சுலின், இனிப்பு என்று பேச்சு போகும். தசையை யாரும் நினைப்பதில்லை. சாப்பிட்ட பிறகு இன்சுலின் சொற்படி ரத்தத்திலிருந்து இறங்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது கை, கால், தொடை, முதுகுத் தசைகள்தான். தசை செல்லுக்குள் சர்க்கரையை ஏற்றிவிட குளுட்-4 என்றொரு புரதம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது செல்லுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து சொன்னால்தான் வெளிப்புறத்துக்கு வரும். ஆனால் பிள்ளை ஓடினால், தசை சுருங்கி விரிந்தால், இன்சுலின் கூப்பிடாமலேயே அது வெளியே வந்து வேலையைத் தொடங்கிவிடும். ஓடி முடித்த பிறகும் அந்தத் தசை இன்சுலின் பேச்சைச் சுலபமாகக் கேட்கும். எத்தனை நேரம்? ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். பிறகு பழைய மந்தம் திரும்பிவிடும்.

நாள் முழுக்க உட்கார்ந்த உடம்பில் தசை கேட்காது. கேட்கவில்லையே என்று கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கும். சில வருஷம் அப்படியே ஓடும். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில்கூட அளவு சரியாகத்தான் இருக்கும். உள்ளுக்குள் கல்லீரலில் கொழுப்பு சேரும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், ரத்த அழுத்தம் கூடும். சர்க்கரையும் இதயநோயும் ஒரே வீட்டில் ஜோடியாக வருவதற்கு இதுதான் முக்கியமான காரணம். ஓடுகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதிர்த்திசையில் நடக்கிறது. ரத்தம் வேகமாகப் பாயும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை இளக்கி விரிக்கிறது. இதயம் குறைந்த துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது.

"எங்க பையன் ஒல்லிதானே?" என்று ஒருவர் கேட்பார். நிச்சயம் கேட்பார். அவருக்காகவே 2004ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் அளவான ஆட்கள். உடம்பில் கொழுப்பை அளந்தார்கள். யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாஜ்னிக்கின் ஓட்டமெல்லாம் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் பாய்ந்து ஏறுவதுதான் என்று அதிலேயே கிண்டலாகப் போட்டிருந்தார்கள். யாஜ்னிக்கின் புனே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது. நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடம்பில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை, குறைவது தசைதான். ஆக, ஒல்லிப் பையனுக்குத்தான் தசை வளர்க்கும் வேலை இன்னும் அதிகம். ஒல்லி என்று சொல்லி நீங்கள் அவனை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அடுத்தது பரம்பரை. "அவங்க தாத்தாவுக்கும் சுகர், அப்பாவுக்கும் சுகர், எங்க போவுது?" என்று ஏதோ குலதெய்வத்தைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறோம். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு சொன்னது. இத்தனை பேருக்கும் தாத்தா மட்டுமா காரணம்? சென்னையிலேயே மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். அவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளி ஆனார்கள். இன்னொரு பிரிவுக்கு மருந்து கிடையாது. சாப்பாட்டில் கட்டுப்பாடு, தினமும் அரைமணி வேகநடை. அவர்களில் 39 பேர்தான் ஆனார்கள். மாத்திரை கொடுத்த பிரிவுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லோரும் தப்பித்துவிடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் தாத்தாவுக்கு இருந்தது என்பது பேரனைக் கூடுதலாக ஓடவிட வேண்டியதற்கான காரணம். அதைச் சொல்லியே நீங்கள் அவனை உட்கார வைக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே அப்பாக்களிடம் தனியாக ஒரு வார்த்தை. "நாங்கள்லாம் அஞ்சு கிலோமீட்டர் நடந்தே ஸ்கூலுக்குப் போனோம், காலேஜ்ல நான் கபடி டீம்" என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்கிறீர்கள். நல்லது. அமெரிக்காவில் பாஃபன்பார்கர் என்றொரு ஆராய்ச்சியாளர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த ஏறத்தாழ 17,000 பேரைப் பல வருஷம் கவனித்தார். கல்லூரியில் பெரிய விளையாட்டு வீரராக இருந்துவிட்டுப் பிறகு நாற்காலிக்குப் போனவர்களை அந்தப் பழைய கோப்பைகள் காப்பாற்றவில்லை. கல்லூரியில் விளையாடாமல் பிற்பாடு நடக்க ஆரம்பித்தவர்களின் இதயம் அவர்களைவிட நன்றாக இருந்தது. உடற்பயிற்சியைச் சேமித்து வைக்க முடியாது. அப்படியானால் சின்ன வயசில் ஓடி என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். பதினாலில் நிறுத்தப்பட்ட பிள்ளை இருபத்தைந்தில் தானாக ஆரம்பிப்பதில்லை, அதுதான். ஓடத் தெரியாது, ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் வெட்கம். விட்டுப்போகாமல் இருந்தால்தான் அந்தப் பழக்கம் கல்லூரிக்கும் வேலைக்கும் கூடவே வரும். விட்டுப்போகச் செய்கிற கை நம்முடையது.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் இன்னும் கோபமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பு வரை தெருவில் நொண்டியும் கோகோவும் ஆடியவள், வயசுக்கு வந்த அடுத்த வாரமே வாசல்படிக்கு உள்ளே போய்விடுகிறாள். "பொண்ணு பெரிசாயிட்டா, இன்னும் என்ன ஓட்டம்?" சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். கறுத்துப்போவாள் என்று மைதானம் வேண்டாம். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே கோகோ ஆட முடியாது என்பதால் அவளே ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். மாதவிலக்கு நாளில் பி.டி. வேண்டாம் என்று சீட்டு எழுதிக்கொடுக்கும் அம்மா, மற்ற இருபத்தைந்து நாளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் கர்ப்பமாகிறாள். மருத்துவர் சேஷய்யா குழுவினர் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008ல் வெளியிட்ட கணக்கில், நகரத்துப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. கிராமத்தில் 10. அப்படி வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து கூடுகிறது. வளைகாப்பில் ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொடுக்கும் நாம்தான், அவளுடைய காலைப் பதின்மூன்று வயசிலேயே கட்டிப்போட்டவர்களும். தெரு பாதுகாப்பில்லை என்கிறீர்களா? உண்மைதான், நான் மறுக்கவில்லை. அப்படியென்றால் பாதுகாப்பான இடத்தைத் தேடித் தருவது உங்கள் பொறுப்பு. கயிறு தாண்டுவதற்கு ஒரு மொட்டை மாடி போதாதா?

மார்க் குறையும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் வேர். கனடாவில் த்ருவா-ரிவியேர் என்ற ஊரில் 1970களில் ஒரு சோதனை செய்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி. அதற்காக மற்றப் பாட நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். மார்க் சரியவில்லை; மேல் வகுப்புக்குப் போகப் போக அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகவே செய்தார்கள். நம் பள்ளியில் எட்டாவது பீரியடில் கணக்கு நடத்தும் டீச்சரைக் கேட்டுப் பாருங்கள், பாதி வகுப்பு எந்த நிலையில் இருக்கும் என்று அவரே சொல்வார்.

இன்னொரு ரகம் உண்டு. விளையாட்டையும் டியூஷனாக மாற்றிவிட்டவர்கள். ஸ்கேட்டிங் கிளாஸ், டென்னிஸ் கோச்சிங், மாவட்ட அளவில் சர்டிஃபிகேட் வருமா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்குமா? ஒரு மணி நேர வகுப்பில் பிள்ளை முக்கால் மணி வரிசையில் நிற்கிறது. ஒரு வருஷத்தில் மெடல் வரவில்லை என்றால் "இவனுக்கு ஸ்போர்ட்ஸ் செட் ஆகலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். கடைசியாக ஓடிவருகிற பையனின் இதயமும் முதலில் வருகிறவனின் இதயம் மாதிரியேதான் பலப்படுகிறது. பந்தைப் பிடிக்கவே வராத பிள்ளைக்கும் நடை இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, நீச்சல் இருக்கிறது.

உலக சுகாதார அமைப்பு கேட்பதொன்றும் பெரிசில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரை, சராசரியாக தினம் அறுபது நிமிஷம், மூச்சு கொஞ்சம் வாங்கும்படியான அசைவு. வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக இறைக்க இறைக்க. அறுபதும் ஒரே தவணையில் வேண்டுமென்றும் இல்லை. இதைக்கூட எட்டாத வளரிளம் பருவத்தினர் உலகத்தில் நூற்றுக்கு 81 பேர், பெண் பிள்ளைகளில் இன்னும் அதிகம். ஏற்கெனவே இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவரும் "மெதுவாக ஆரம்பிக்கட்டும்" என்றுதான் சொல்வார். ஓடி முடித்ததும் பாராட்டாகக் குளிர்பானம் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் திட்ட வேண்டும்.

இடம் எங்கே இருக்கிறது என்பீர்கள். அபார்ட்மென்ட் வாசலில் "இங்கு பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு மாட்டியிருக்கிறதே, மாட்டியது யார்? அசோசியேஷன். அசோசியேஷன் யார்? நீங்கள்தான். கார் கண்ணாடி உடைந்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்கும். கார் நிறுத்துமிடத்தில் ஆறு மணிக்கு மேல் ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க ஒரு தீர்மானம் போட முடியாதா? மாடி வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கிவர லிஃப்டில் போகாதே என்று சொல்ல முடியாதா? ஆண்பிள்ளைக்குத் தண்ணீர் எடுத்து நீட்டுகிற வழக்கத்தை நிறுத்த முடியாதா? வீடு பெருக்கினாலும், குடம் தூக்கினாலும், மாவு பிசைந்தாலும் தசை அதையும் வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும். வெயில் என்றால் காலை ஏழுக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். நாய் பயம் என்றால் நீங்களும் கூடவே போங்கள். உங்கள் சுகருக்கும் நல்லது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, அந்த பீரியடைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன். கைதட்டுவதற்கு நாலு பேர் வேண்டும். அதுவரை, படிக்கட்டுக்கு அடியில் சாத்தி வைத்திருக்கும் சைக்கிளை இன்றைக்கே வெளியே எடுங்கள். டயரில் காற்று இருக்காது, செயின் துருப்பிடித்திருக்கும். கடைக்கு நீங்கள் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்க வேண்டாம். அவனே உருட்டிக்கொண்டு போகட்டும். அவளாக இருந்தால் அவளே.